விட்டுப்பிடிக்கும் கருவி

நுழையும்முன்

ஒரு கருவியை வாங்கச் செல்பவர் முதலில் விலையைப் பார்ப்பார். அடுத்து அளவைப் பார்ப்பார். தூண்டில் ரீலைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்விகள் உள்ளன. எந்த நீர், எந்த மீன், அம்மீன் எப்படி ஓடும் என்பனவே அவை. அச்சிறு பொறியின் அமைப்பையும் அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முரண்டுபிடிக்கும் குழந்தையிடமும் துள்ளும் காளையிடமும் 'விட்டுப்பிடிக்க வேண்டும்' என்று கூறுவது தமிழ் வழக்கு. காற்றாடி விடும் சிறுவர் இத்தொடரின் பொருளைக் கையால் அறிவர். அவர்களைவிட நன்றாக அறிந்தவர் கைத்தூண்டில் இடும் மீனவர். முள்ளில் சிக்கிய மீன் பாய்ந்தோடும்போது அவர் நூலை விரல்களுக்கிடையே நழுவவிடுகிறார்; பாய்ச்சல் தளர்ந்ததும் ஒவ்வொரு முழமாக இழுத்துக்கொள்கிறார். விடவேண்டிய நேரத்தில் பிடித்தால் நூல் அறும். அறுந்த நூலோடு மீன் மட்டுமா போகிறது? அதன் வாயில் குத்திய முள்ளும், முள்ளில் தொங்கும் நைலான் நரம்பும் உடன் போகின்றன. அந்த நரம்பு நெடுங்காலம் மட்காமல் நீரில் கிடக்கும். பறவைகளின் காலைச் சுற்றும். கடலாமையின் கழுத்தை நெரிக்கும்.

மீனவரின் விரல்கள் செய்யும் இவ்வேலையைப் பற்சக்கரங்களும் உராய்வு வட்டுகளும் கொண்டு செய்யும் பொறியே ரீல். கோலின் நுனியில் நூலைக் கட்டிவிடும் எளிய தூண்டிலில் நூலின் நீளம் மாறுவதில்லை. கரையோரக் கெண்டைக்கு அதுவே போதும். நூலெல்லைக்கு அப்பால் ஓடும் வலிமையுள்ள மீனுக்கு அது போதாது. ரீல் என்பது அத்தகைய மீனுக்காகச் சேமித்து வைத்த நூல்; அந்நூலை அளந்து கொடுக்கும் கை.

நூற்பாலை தந்த வடிவம்

பழைய ரீல்கள் காற்றாடி நூல் சுற்றிய உருளையைப் போலத் தம் அச்சில் சுழன்றே நூலை வெளிவிட்டன. எடை குறைந்த இரையை எறிந்தால் உருளையைச் சுழற்றும் விசை அதற்கு இராது. கனமான இரையை எறிந்தாலோ, இரை நீரில் விழுந்த பின்னும் உருளை சுழன்றுகொண்டே இருக்கும். வெளிவந்த நூல் பறவைக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். இச்சிக்கலுக்கு ஸ்காட்லாந்தின் பெர்த் நகரைச் சேர்ந்த பீட்டர் மாலக் ஒரு வழி கண்டார். எறியும்போது உருளையைப் பக்கவாட்டில் திருப்பி, நூலை அதன் விளிம்பின்மேல் கழன்றோடச் செய்யும் ரீலுக்கு அவர் 1884-இல் காப்புரிமை பெற்றார். எறிந்த பின் உருளையை மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பிச் சுற்றவேண்டும் என்பது அதன் குறை.

முழுமையான தீர்வு ஒரு நூற்பாலையிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் கம்பளி நகரமான பிராட்போர்டில் நெசவுத்தொழிற் குடும்பத்தில் பிறந்தவர் ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த். பாபினின் முனையிலிருந்து நூல் வளையம் வளையமாகக் கழன்று செல்வதை ஆலையில் நாளும் காணலாம். நிமிர்த்தி வைத்த நூற்கண்டின் மேல்முனையிலிருந்து நூலை இழுத்தால் கண்டு உருள்வதே இல்லை. இழுப்பு நின்றால் நூலும் நின்றுவிடும். இவ்வெளிய உண்மையை அவர் தூண்டிலுக்குக் கொண்டுவந்தார். 1905-இல் அவர் காப்புரிமை பெற்ற ரீலில் உருளை சுழலவில்லை; அதைச் சுற்றி ஒரு கை சுழன்று நூலை உருளைமேல் சுற்றியது. கோயம்புத்தூர் ஆலைகளில் கதிரையும் பாபினையும் பார்த்து வளர்ந்தவர்க்கு இவ்வமைப்பை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இதனை இன்று 'ஸ்பின்னிங் ரீல்' என்கின்றனர். நூல் நூற்பதை அப்பெயர் குறிக்கவில்லை என்பது வியப்புக்குரியது. நீரில் சுழன்றுவரும் போலி இரையை எறிந்து இழுக்கும் மீன்பிடி முறைக்கே அச்சொல் முன்பு வழங்கியது. நூற்பாலையில் பிறந்த கருவிக்கு நூற்றலைக் குறிக்கும் அதே சொல் வேறொரு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

பட்டு நூலும் சணல்வகை நூலும் பயன்பட்ட வரை இந்த ரீல் பெருவழக்குப் பெறவில்லை. 1938-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட நைலான், வழவழப்பான ஒற்றையிழை நரம்பாக வந்த பின்னரே அதன் காலம் தொடங்கியது. கடிகார உறுப்புகள் செய்வதில் பெயர்பெற்ற பிரான்சின் கிளூஸ் நகரில் உருவான மிட்செல் ரீல்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதனைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றன.

பொறியின் உள்ளே

கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளையைச் சூழ்ந்த சுழலி ஐந்து அல்லது ஆறு முறை சுற்றும். 5.2:1 என்று ரீலின்மேல் பொறித்திருப்பது இவ்விகிதமே. சுழலியில் பொருத்திய கம்பி வளையம் நூலை வழிநடத்தும். எறியும்போது அதனைத் திறந்துவிட்டால் நூல் தடையின்றிக் கழன்றோடும். உருளையின் முகப்பில் ஒரு திருகு இருக்கும். அதன்கீழ் அடுக்கிய உராய்வு வட்டுகளே, தூண்டில்காரர் 'டிராக்' என்று வழங்கும் இழுவைத்தடை. மீனின் இழுப்பு ஒரு வரம்பைக் கடந்தால், சுழலாத அந்த உருளையே சுழன்று நூலைக் கொடுக்கும். விட்டுப்பிடித்தலில் 'விடுதல்' நிகழும் இடம் அது. கடையில் ரீலைக் கையில் எடுப்போர் பெரும்பாலும் கைப்பிடியைச் சுற்றி அதன் வழவழப்பை மெச்சுவர். சற்று இறுக்கிய தடைக்கு எதிராக நூலை மெல்ல இழுத்துப் பார்ப்பவரே ரீலைச் சோதிப்பவர். நூல் ஒரே சீராக வழுக்கி வரவேண்டும். முதலில் ஒட்டிக்கொண்டு பின் திடீரென நழுவினால் அந்த ரீல் எவ்வளவு பளபளத்தாலும் நல்லதன்று. அந்த முதல் ஒட்டலிலேதான் மெல்லிய நரம்பு அறும்.

உள்ளே எத்தனை பேரிங்குகள் என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். எண்ணிக்கையைவிட அவற்றின் தரமும், உடற்பகுதி வளையாத உறுதியும் முக்கியம். மலிவான பத்துப் பேரிங்குகளைக்காட்டிலும் நல்ல நான்கு மேல்.

எண் சொல்வதும் சொல்லாததும்

ரீலின் அளவு 1000, 2500, 4000, 8000 என்னும் எண்களால் குறிக்கப்படும். பெரிய எண் உயர்ந்த தரம் என்று புதியவர் எண்ணுவது இயல்பு. எண் குறிப்பது உருளையின் அளவை, அதாவது எவ்வளவு பருமனுள்ள நூலை எவ்வளவு நீளம் கொள்ளும் என்பதை மட்டுமே. 2500 அளவுள்ள ரீல் பொதுவாக 0.25 மில்லிமீட்டர் நைலான் நரம்பைச் சுமார் 150 மீட்டர் கொள்ளும். ஒரு நிறுவனத்தின் 4000 மற்றொரு நிறுவனத்தின் 5000-க்கு நிகராக இருக்கக்கூடும். எனவே எண்ணை நம்பாமல் உருளையில் பொறித்த நூல் கொள்ளளவைப் படிப்பதே முறை.

தேர்வு இங்கே தலைகீழாகத் தொடங்குகிறது. மீனை முதலில் தீர்மானிக்க வேண்டும். மீனுக்கேற்ற நூல், நூலுக்கேற்ற ரீல், ரீலுக்கேற்ற கோல் என்பது வரிசை. நாள் முழுவதும் எறிந்து இழுப்பவருக்கு நூறு கிராம் கூடுதல் எடையும் மாலையில் மணிக்கட்டில் தெரியும்.

குளத்திலும் ஏரியிலும் கெண்டை, கெளுத்தி, ஜிலேபி ஆகியவற்றுக்கு 1000 முதல் 2500 வரையிலான ரீலும் இரண்டு முதல் நான்கு கிலோ தாங்கும் நரம்பும் போதும். இவற்றுக்குப் பெரிய ரீல் வாங்குவது வீண். பருத்த நரம்பு நீரில் மீனுக்குத் தென்படும். இலேசான இரையைத் தொலைவுக்கு எறியவும் விடாது.

அதே ஏரியில் விராலைத் தேடுபவருக்குக் கணக்கு வேறு. விரால் தாமரையிலைக்கும் பாசிக்கும் இடையே மறைந்திருந்து தாக்கும். சிக்கியதும் பாசிக்குள் புகுந்துகொள்ளும். அதனை விட்டுப்பிடிக்க முடியாது. விட்டால் பாசியில் நூலைச் சுற்றிவிடும். எனவே தடையை ஏறத்தாழ முழுவதும் இறுக்கி, பல இழைகளால் பின்னிய தடித்த நூலைக் கொண்டு, சிக்கிய கணமே மேலே இழுத்தல் வேண்டும். இங்கு வேண்டுவது நூலின் நீளம் அன்று. வளையாத உடலும் உறுதியான பற்சக்கரமும் கொண்ட 3000 அல்லது 4000 அளவுள்ள ரீல் ஏற்றது. 50 மீட்டர் நூல் மிகுதி.

கழிமுகத்தின் கொடுவா இவ்விரண்டுக்கும் நடுப்பட்டது. சற்று ஓடும், துள்ளும், தலையை உதறும். அதன் செவுள்மூடியின் விளிம்பு கத்திபோல் கூரியது. ஆகவே மெல்லிய பின்னல் நூலின் முனையில் தடித்த நைலான் நரம்பை ஒன்றிரண்டு முழம் முடிந்துகொள்வர். 4000 அளவுள்ள ரீலே இதற்கு வழக்கம். கடற்கரை மணலில் நின்று அலைகளைத் தாண்டி எறிவோர் 6000-க்கு மேற்பட்ட ரீலைக் கொள்வர். உருளையின் வாய் அகன்றிருந்தால் நூல் வளையங்கள் விளிம்பில் அதிகம் உரசாமல் நெடுந்தொலைவு போகும் என்பதே அதன் காரணம். எந்த ரீலாயினும் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழ்வரை நூல் நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தால் எறிதொலைவு குறையும். மிகுந்தால் நூல் தானே சரிந்து சிக்கும்.

ஓடும் மீனும் சுருங்கும் உருளையும்

ரீலின் அளவு உண்மையில் எதற்காக என்பதைக் காவிரிப் படுகையின் மகசீர் கற்பிக்கும். சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டிற்கலை பற்றி 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூலை வெளியிட்டார். அக்காலம் முதல் தூண்டில்காரரின் பேச்சில் மகசீருக்குத் தனியிடம் உண்டு. 1946-இல் கபினி ஆற்றில், மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவரின் தூண்டிலில் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மகசீர் சிக்கியது. பாறைகளுக்கிடையே பாயும் வெள்ளத்தை எதிர்த்து வாழும் மீன் அது. முள் தைத்ததும் நீரோட்டத்தோடு கீழ்நோக்கி ஓடும். அந்த முதல் ஓட்டத்தில் நூறு மீட்டர் நூல் போய்விடக்கூடும்.

அப்போது ரீலுக்குள் நிகழ்வதை இயற்பியல் பயிலும் மாணவர் எளிதில் கணக்கிடலாம். உராய்வு வட்டுகள் தருவது ஏறக்குறைய மாறாத ஒரு திருப்புவிசை. நூலின் இழுவிசை என்பது அத்திருப்புவிசையை உருளையில் எஞ்சிய நூற்சுற்றின் ஆரத்தால் வகுத்த அளவு. நிரம்பிய உருளையின் ஆரம் 30 மில்லிமீட்டர் எனவும், தடை நான்கு கிலோவுக்கு அமைக்கப்பட்டது எனவும் கொள்வோம். நூல் ஓடிஓடி ஆரம் 15 மில்லிமீட்டராகச் சுருங்கினால், திருகைத் தொடாமலே தடை எட்டுக் கிலோவாகிவிடும். அதனுடன் நீண்ட நூல் நீரில் உரசும் தடையும், கோலின் வளையங்களில் உரசும் தடையும் சேரும். நூலின் தாங்குதிறன் 12 கிலோவாயின் அது அறுபடும் எல்லை வெகு அருகில்.

ஆகவேதான் நூல் தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டுமே தடையை அமைக்க வேண்டும் என்பது பொதுவிதி. கையால் மதிப்பிடுவதைவிட நூலின் முனையில் வில்தராசைக் கோத்து அளப்பது நல்லது. மீன் ஓடஓட உருளை வெறுமையாவதைக் காண்பவருக்குத் திருகை இறுக்கத் தோன்றும். அந்த அச்சமே பல மீன்களை முள்ளோடு அனுப்பியிருக்கிறது. அப்போது செய்யவேண்டியது சற்றுத் தளர்த்துவதே. பெரிய உருளையின் பயனும் இங்கேதான் விளங்கும். சிறிய உருளையைப் பாதியாக்கும் நூறு மீட்டர் நூல் பெரிய உருளையில் மேற்பகுதியை மட்டுமே குறைக்கும். இழுவிசை அதிகம் மாறாது. பெரிய ரீல் கூடுதல் வலிமையோடு இழுப்பதற்கென்று வாங்கப்படுவதில்லை. மீன் ஓடும்போதும் சீராக விடுவதற்கென்று வாங்கப்படுகிறது.

இன்னொரு பிழையும் உண்டு. தடை வழுக்கி நூல் போய்க்கொண்டிருக்கையில் பலர் பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றுவர். நூல் உள்ளே வராது. சுழலி மட்டும் சுற்றும். ஒவ்வொரு கைச்சுற்றுக்கும் ஐந்தாறு முறுக்குகள் நூலில் ஏறும். அன்று தப்பினாலும் அடுத்த எறிதலில் அந்த நூல் சுருண்டு சிக்கும். மீன் ஓடும்போது கை நிற்கவேண்டும்.

தேவைக்கு மிகச் சிறிய ரீலைக்கொண்டு பெரிய மீனை மடக்குவதைத் திறமை எனப் பாராட்டுவோர் உளர். அப்பாராட்டுக்கு மீன் விலை கொடுக்கிறது. நெடுநேரம் போராடும் மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் மிகும். உயிரோடு நீரில் விடப்பட்டாலும் அது சில மணிநேரத்திலோ மறுநாளோ இறக்கக்கூடும். காவிரிப் படுகைக்கு மட்டுமே உரிய திமில் மகசீர், மிக அருகிவரும் உயிரினமாகப் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் 2018-இல் சேர்க்கப்பட்டது. அது இன்னும் எஞ்சியுள்ள இடங்களுள் மோயாறும் ஒன்று. புலிகள் காப்பகத்துள் ஓடும் அவ்வாற்றுப் பகுதியில் மீன்பிடித்தலுக்கு இடமில்லை. இசைவுள்ள பிற ஆறுகளில் மகசீரைப் பிடிப்போர் பெரும்பாலும் அதனை மீண்டும் ஆற்றிலேயே விடுகின்றனர். விடப்பட்ட மீன் பிழைக்கவேண்டுமாயின் அது களைத்து மடியுமுன் கரைக்கு வரவேண்டும். அதற்கேற்ற நூலும் 6000 அல்லது 8000 அளவுள்ள ரீலும் வேண்டும்.

உப்பும் வெப்பமும்

ஆழ்கடலில் சூரை, மயில்மீன், பெரும்பாறை ஆகியவற்றை நாடுவோரின் ரீல் 10000-க்கும் மேற்பட்டது. பாறை மீன் அடித்தளப் பார்களுக்குள் நூலை இழுத்துச் சென்று அறுக்க முயலும். விராலைப் போலவே அதனையும் அதிகம் விடமுடியாது. வஞ்சிரத்துக்கு நூலறுக்கும் பற்கள் உண்டாதலால் முள்ளை ஒட்டி உலோகக் கம்பி இணைக்கப்படும். சூரையோ வேகத்தால் ரீலைச் சோதிக்கும். ஐந்து கிலோ தடைக்கு எதிராக ஒரு சூரை பத்து வினாடியில் நூறு மீட்டர் ஓடுவதாகக் கொண்டால், உராய்வு வட்டுகளில் சுமார் 5000 ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. வீட்டு மிக்சியின் திறனுக்கு ஒப்பான 500 வாட், உள்ளங்கையில் அடங்கும் ஓர் உருளைக்குள் வெளிப்படுகிறது. நூறு கிராம் அலுமினியத்தை ஐம்பது பாகைக்கு மேல் சூடேற்ற அது போதும். மலிவான ரீல்களின் கம்பளி வட்டுகள் இவ்வெப்பத்தில் கருகித் தம் சீர்மையை இழக்கும்; கரிநார் வட்டுகள் தாங்கும். கடல் ரீலின் விலையில் பெரும்பகுதி இதற்கும், உப்புநீர் புகாத அடைப்புகளுக்குமே ஆகிறது. ஏரிக்கரையில் மட்டும் அமர்பவர் அவ்விலை கொடுக்கத் தேவையில்லை. கடலுக்குச் செல்பவர் அதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

கரைக்குத் திரும்பியதும் ரீலை நன்னீரால் மெல்லத் தெளித்துக் கழுவ வேண்டும். அழுத்தத்துடன் பீய்ச்சினால் உப்பும் மணலும் உள்ளே புகும். கழுவும்போது தடைத் திருகு இறுக்கியிருத்தல் நலம். வட்டுகளுக்கிடையே நீர் செல்லாது. துடைத்து உலர்த்திய பின் அத்திருகை முழுவதும் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கியபடியே பல நாள் கிடந்தால் வட்டுகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை ஒரு நல்ல மீன் முதற்பாய்ச்சலில் இழுக்கும்போது ரீல் நூலை விடாது.